சருகோடு சருகாய்
(இராப்பறவை பக்கியைப் பற்றிய ஓர் அறிவியல் பாடம்)



சுவா சூ காங்கில் கதிரவன் மறைந்து, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் வேளையில், புதர் மண்டிய வெளிகளின் பக்கமிருந்து ஓர் ஓசை எழுவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். டொக், டொக், டொக் என்று, தச்சர் ஒருவர் பலகையில் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை அது. சற்று நிற்கும், மீண்டும் தொடங்கும். பகல் முழுதும் வேலை செய்த தச்சர் இரவிலும் ஓயாமல் உழைக்கின்றாரோ என்று நம் பள்ளிச் சிறுவன் ஒருவன் ஒருமுறை வினவினான். உழைப்பவர் உண்டு, ஆனால் அவர் தச்சர் அல்லர். அது ஒரு பறவை. அதன் பெயர் பக்கி. அதனைப் பற்றியே இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் தோற்றமும்

தமிழில் பக்கி என்றும், பக்கிக்குருவி என்றும் வழங்கும் பறவைகள் பல வகைப்படும். நம் வட்டாரத்தில் தட்டும் ஓசை எழுப்புவது நீண்ட வாலையுடைய வகை. அதனைப் பெருவால் பக்கி எனலாம். 1821ஆம் ஆண்டில் ஆர்சுபீல்டு என்னும் அறிஞர் சாவகத் தீவில் கிடைத்த பறவையைக் கொண்டு இதனை அறிவியல் உலகுக்கு விளக்கினார். வடகிழக்கு இந்தியாவின் மலையடிவாரம் தொடங்கி, பர்மா, மலாயா, இந்தோனேசியா வழியாக ஆசுதிரேலியாவின் வடபகுதி வரை இது வாழ்கின்றது. மலாய் மக்கள் இதன் ஓசையைக் கேட்டு ‘பூரோங் துக்காங்’, அதாவது கைவினைஞர் பறவை என்று பெயரிட்டனர். பெயரிட்டவர் செவி கூர்மையானது என்பதில் ஐயமில்லை.

பக்கி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுடையது. ஒரு மைனாவைவிடச் சற்றுப் பெரிது. உடல் முழுவதும் பழுப்பு, சாம்பல், கருமை, மங்கிய மஞ்சள் ஆகிய நிறங்கள் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் கலந்து கிடக்கும். தொண்டையில் வெண்பட்டை ஒன்று உண்டு. ஆண் பறவை பறக்கும்பொழுது சிறகிலும் வாலின் ஓரத்திலும் வெள்ளைத் திட்டுகள் பளிச்சிடும். அது தரையில் அமர்ந்துவிட்டாலோ, அவையெல்லாம் மறைந்து போகும். நம் கண்முன் சருகுக் குவியல் ஒன்றே எஞ்சும்.

இரவுக்கென அமைந்த உடல்

பக்கியின் அலகைப் பார்த்தால் மிகச் சிறிதாக இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால், கண்ணுக்குக் கீழ்வரை கிழிந்ததுபோல் அகன்று விரியும். வாயின் இருபுறமும் விறைப்பான மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இருளில் பறந்துகொண்டே அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் விழுங்குவதற்கு ஏற்ற வாய் இது. இறகுகள் மென்மையானவை, ஆதலால் பறக்கும் ஓசை கேட்பதில்லை. கால்கள் மிகக் குட்டையானவை. நடப்பதற்கு அவ்வளவாகப் பயன்படா. நடுவிரல் நகத்தில் சீப்பின் பற்கள் போன்ற வெட்டுகள் அமைந்துள்ளன.

அதன் கண்கள் பெரியவை. விழியின் உட்புறத்தே கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு உண்டு. விழித்திரையைக் கடந்து சென்ற ஒளியை அவ்வடுக்கு திருப்பி அனுப்பும். எனவே ஒரே ஒளியைக் கண் இருமுறை பயன்படுத்திக்கொள்கின்றது. பூனையின் கண்கள் இரவில் மின்னுவதும் இதனாலேயே. வாகன விளக்கின் முன் சாலையோரத்தில் இரண்டு செந்தணல்கள் ஒளிர்ந்தால், அங்கே பக்கி அமர்ந்திருத்தல் கூடும். இக்கண்கள் பகலில் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? ஆகவே பகல் முழுதும் இமைகளை ஏறக்குறைய மூடி, சிறு கீற்றளவு மட்டும் திறந்து வைத்திருக்கும். நாம் அதனைக் காண்பதற்கு முன்பே அது நம்மைக் கண்டிருக்கும்.

கூடு இல்லாத குடும்பம்

தூக்கணாங்குருவி கூடு பின்னுகின்றது. காகம் சுள்ளி அடுக்குகின்றது. பக்கியோ கூடு கட்டுவதேயில்லை. மரநிழலில் சருகு கிடக்கும் தரையில், பெரும்பாலும் இரண்டு முட்டைகளை இட்டு, அவற்றின்மேல் அமர்ந்துவிடும். சுவரும் கூரையும் இல்லாத அந்த வீட்டுக்குத் தாய்தந்தையரின் உடலே கூரை. அவ்வுடலின் நிறமே வேலி. அந்த வேலி காக்க வேண்டுமானால் பறவை அசையாதிருத்தல் வேண்டும். நாயோ மனிதரோ நெருங்கி வந்தாலும் அது கடைசி நொடிவரை அசையாது.

இவ்வாறு அசையாதிருத்தல் உண்மையிலேயே உயிர் காக்கின்றதா? இங்கிலாந்து நாட்டின் எக்சிட்டர், கேம்பிரிட்சு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் தரையில் முட்டையிடும் பறவைகளைப் படம் எடுத்து ஆராய்ந்தனர். எந்தப் பக்கியின் இறகுக்கோலம் சுற்றியுள்ள தரையோடு நன்கு ஒத்திருந்ததோ, அதன் முட்டைகளே எதிரிகளிடமிருந்து தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்று அவர்கள் 2016இல் எழுதினர். 2017இல் மேலும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். ஒவ்வொரு பறவையும் தன் உடற்கோலத்துக்குப் பொருந்தும் இடத்தைத் தேர்ந்தே முட்டையிடுகின்றதாம். பறவை கண்ட இடத்தில் அமர்வதில்லை என்பது இதனால் விளங்கும். நமக்கு எல்லாச் சருகும் ஒன்றே. பக்கிக்கோ இந்தச் சருகு வேறு, அந்தச் சருகு வேறு. ஆகவே, “இங்கிருந்து விரட்டினால் அடுத்த மரத்தடிக்குப் போய்விடும்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிட இயலாது.

மலைக்காட்டு உறவினர்

நம் முன்னோர் பலர் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கு வந்தவர்கள் அல்லரோ? பக்கிக்கும் அவ்விடங்களில் உறவினர் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் செர்டன் பக்கி, முன்பு நம் பெருவால் பக்கியின் ஒரு பிரிவாகவே எண்ணப்பட்டது. குரல் வேறுபாட்டால் பின்னர் அதனைத் தனியினமாகப் பிரித்தனர். சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய செர்டன் என்பார் 1845இல் அதனை விளக்கியமையால் அப்பெயர் பெற்றது.

இன்னொன்று சற்றுத் தொலைவு உறவு, அதுதான் தவளைவாயன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளிலும் இலங்கைக் காடுகளிலும் மட்டுமே இலங்கைத் தவளைவாயன் வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் அது இல்லை. 1849இல் கல்கத்தாவின் ஆசியக் கழக அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்டு பிளைத்து என்பார் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். தவளையின் வாயைப் போன்ற அகன்ற வாய் உடைமையால் இப்பெயர் வந்தது. பக்கி தரையில் சருகாய்க் கிடக்கும். தவளைவாயனோ மரக்கிளையில் ஒடிந்த குச்சியாய் நிற்கும். ஆள் அரவம் கேட்டால் தலையை மெல்ல வானோக்கி உயர்த்தி, பட்டுப்போன கிளைத்துண்டு போலவே ஆகிவிடும். பாசியும் மெல்லிறகும் கொண்டு உள்ளங்கை அளவு சிறு மெத்தை அமைத்து, ஒரே ஒரு வெள்ளை முட்டையை இடும். பகலில் அடைகாப்பது தந்தைப் பறவை என்பது நாம் குறித்துக்கொள்ளத் தக்கது.

இத்தகைய பறவைக்குக் காடு அழிந்தால் வேறு புகலிடம் ஏது? இலங்கையின் தென்மேற்கேயுள்ள சிங்கராசா மழைக்காட்டில் 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். 1977இல் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் காப்பிடம் 1983இல் அமைந்தது. இன்றும் தவளைவாயனைக் காண விழைவோர் அங்கே செல்கின்றனர். மக்கள் உரிய காலத்தில் பேசினால் காடு நிலைக்கும் என்பதற்குச் சிங்கராசா ஒரு சான்று.

அச்சமும் அறியாமையும்

இரவில் திரியும் பறவைகளைப் பற்றி உலகெங்கும் கட்டுக்கதைகள் உண்டு. ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் அரிசுடாட்டில், பக்கி ஆட்டின் மடியில் பால் குடிக்கும் என்றும், அதனால் ஆடு குருடாகும் என்றும் எழுதி வைத்தார். அதன் அறிவியற் பெயருக்கே ‘ஆட்டுப்பால் கறப்பது’ என்பது பொருள். உண்மை யாதெனில், கால்நடைகளைச் சுற்றி மொய்க்கும் பூச்சிகளைத் தின்னவே பக்கி அங்கு வருகின்றது. உதவி செய்ய வந்தவனைத் திருடன் என்ற கதையாயிற்று.

நம் பாட்டிமாரும் இரவில் கூவும் பறவையைச் ‘சாக்குருவி’ என்று அஞ்சியதுண்டு. பழைய மலாயாவில் பக்கி ஒரு மூச்சில் எத்தனை முறை தட்டும் என்று பந்தயம் கட்டிப் பணத்தை இழந்தோரும் இருந்தனர். இன்றும் ‘பக்கி’ என்பதை வசைச்சொல்லாக வழங்குவோர் உளர். மாணவர்களே, ஒருவரை அப்படி ஏசுமுன் அப்பறவை செய்யும் தொண்டை எண்ணிப் பாருங்கள். அது சாவையும் கூவவில்லை. சூதுக்கும் துணை நிற்கவில்லை. தன் இடத்தை அறிவிக்கவும் துணையை அழைக்கவுமே தட்டுகின்றது.

சுவா சூ காங்கின் மண்

நம் ஊரின் பெயரிலேயே மண்ணின் வரலாறு உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றோரங்களில் கம்பீர், மிளகுத் தோட்டங்களை அமைத்த சீனத் தலைவர்கள் ‘காங் சூ’ எனப்பட்டனர். சுவா என்பது குலப்பெயர். பின்னர் கம்பங்களும் பண்ணைகளும் பெருகின. பிறகு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1990இல் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. கம்பங்கள் காலியான தெங்கா வட்டாரத்தில் மரங்கள் தாமாக வளர்ந்து காடாயின. அங்கே 700 எக்டேர் பரப்பில் 42,000 வீடுகள் கொண்ட புதிய நகருக்கான திட்டத்தை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2016இல் வெளியிட்டது. அத்திட்டத்திலேயே 5 கிலோமீட்டர் நீளமும் ஏறத்தாழ 100 மீட்டர் அகலமும் உள்ள காட்டுப்பாதை ஒன்றும் இடம்பெற்றது.

நம் ஊரின் இடுகாட்டையும் நினைத்துப் பாருங்கள். இந்துக்கள், முசுலிம்கள், கிறித்துவர்கள், சீனர்கள் என யாவரும் உறங்கும் இடம் அது. 1998 முதல் இங்கே ஒருவருக்கு 15 ஆண்டுகளே மண் உரிமை. விமானத் தளத்தை விரிவாக்கும் பொருட்டு 80,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி அகற்றப்படும் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. இறந்த மனிதர்க்கே மண் அரிதாகிய தீவில், வாய்பேசாப் பறவைக்கு இடம் கேட்பது எளிதன்று. வீடு கட்டலாகாது என்று நாம் சொல்ல மாட்டோம். நாமும் அத்தகைய வீடுகளில் குடியிருப்போர்தாம். ஆயினும், பக்கி கேட்கும் இடம் எவ்வளவு என்பதை ஒரு நிகழ்ச்சியால் அறிந்தோம்.

ஒரு பாய் அளவு நிலம்

மார்ச்சு மாத விடுமுறைக்கு முந்திய வாரம் அது. மாணவர் சிலரோடு நாம் சாலையோர மரங்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோம். அங்கே புல்வெட்டும் இயந்திரத்தோடு வேலை செய்துகொண்டிருந்த தமிழகத்து இளைஞர் ஒருவர் திடீரென்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு நம்மை அழைத்தார்.

“ஐயா, இங்கே ஒரு குருவி சிறகு ஒடிஞ்சு கிடந்து துடிக்குது. கிட்டே போனால் நகர்ந்து நகர்ந்து போகுது. பாவமாயிருக்கு” என்றார்.

நாம் பார்த்தோம். பக்கி ஒன்று ஒரு பக்கச் சிறகை இழுத்துக்கொண்டு, தரையில் தடுமாறித் தடுமாறிச் சென்றது. அதைப் பின்தொடர ஓடிய மாணவன் ஒருவனை அவ்விளைஞரே கைகாட்டித் தடுத்தார்.

“இரு தம்பி! எங்கள் ஊரில் குஞ்சு வைத்திருக்கிற கௌதாரி இப்படித்தான் போக்குக் காட்டும். முட்டை இந்தப் பக்கம் இருக்கும், அது நம்மை அந்தப் பக்கம் இழுக்குது” என்றார்.

அவர் சொன்னதே உண்மை. இயந்திரத்தின் சக்கரத்திலிருந்து மூன்றடி தள்ளி, சருகின்மேல் இரண்டு முட்டைகள் கிடந்தன. நூலில் படித்த நாம் தேடியும் காணாததை, ஊர் அறிவு கொண்ட அவர் கண்டுகொண்டார். இயந்திரம் இன்னும் ஒருமுறை முன்னே உருண்டிருந்தால் அக்குடும்பம் அத்தோடு முடிந்திருக்கும். பறவையின் நிறம் காகத்தின் கண்ணை ஏமாற்றும். கண்ணில்லாத இயந்திரத்தை எப்படி ஏமாற்றும்?

இளைஞர் நான்கு குச்சிகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம்; புதிதாய்த் தெரியும் அடையாளம் காகத்தையும் வேடிக்கை பார்ப்போரையும் அழைத்து வந்துவிடும். அவர் தம் மேற்பார்வையாளரிடம் எடுத்துரைத்தார். அம்மரத்தடியில் ஒரு பாய் விரிக்கும் அளவு புல்லை மூன்று வாரம் வெட்டாமல் விட இசைவு கிடைத்தது. நாமும் அப்பக்கம் போகாதிருந்தோம். நான்காம் வாரம் அவரே பள்ளி வாயிலுக்கு வந்து சொன்னார்: “இரண்டு குஞ்சும் பொரிந்துவிட்டது ஐயா. நகர்ந்த பிறகுதான் சருகு இல்லை, குஞ்சு என்று தெரிந்தது.”

அன்று மாலை மாணவர்கள் அடைந்த மகிழ்ச்சி, விளையாட்டுப் போட்டியில் கோப்பை வென்ற மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று. ஒரு பாய் அளவு நிலமும், மூன்று வாரப் பொறுமையும், இயந்திரத்தை நிறுத்தும் ஒரு நல்ல மனமும் போதுமானவையாக இருந்தன.

நாம் செய்யத் தக்கன

புதர் ஓரங்களில் நடக்கும்பொழுது பாதையை விட்டு விலகாமல் நடத்தல் நன்று. நாயை அழைத்துச் செல்வோர் கயிற்றோடு அழைத்துச் செல்க. பக்கியைக் கண்டால் எட்ட நின்று பார்த்து, விரைவில் அகன்றுவிட வேண்டும். முகத்துக்கு நேரே விளக்கு அடித்தலும் பளிச்சென ஒளிவிட்டுப் படம் பிடித்தலும் கூடா. அது சிறகை இழுத்துக்கொண்டு ஓடினால், நம் காலடிக்கு அருகே குஞ்சோ முட்டையோ உண்டு என்று அறிந்து, வந்த வழியே மெல்லத் திரும்புக. உண்மையிலேயே அடிபட்ட பறவையாயின் தேசியப் பூங்காக் கழகத்தார்க்குத் தெரிவிப்போம். காட்டுயிர்களை இசைவின்றிப் பிடித்தலும் வளர்த்தலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் நினைவிற் கொள்வோம்.

பெற்றோர்களே! இன்று மாலை விளக்கேற்றிய பின், தொலைக்காட்சியைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு சாளரத்தருகே நின்று கேளுங்கள். டொக், டொக் என்று அவ்வோசை கேட்டால், எங்கோ ஒரு மரத்தடியில் இன்னும் ஒரு பாய் அளவு மண் மிதிபடாமல் இருக்கின்றது என்று பொருள்.

எண்ணிப் பார்க்க

1. பக்கி கூடு கட்டாமலேயே தன் முட்டைகளை எவ்வாறு காக்கின்றது?
2. பக்கியின் கண் இருளில் நன்கு காண்பதற்குக் காரணம் யாது?
3. பக்கியும் தவளைவாயனும் தம்மை மறைத்துக்கொள்ளும் முறைகளில் உள்ள வேறுபாட்டைக் கூறுக.
4. முட்டைகளின் அருகே சிவப்புத் துணி கட்டுவது ஏன் தீங்காகும்?
5. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் ஊரில் கேட்ட இராப்பறவைகளைப் பற்றி வினவி, பத்து வரிகளில் எழுதுக.